சிறுவர் சந்தையும் சில வினாக்களும்

ஆரம்பக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் இன்று ஒரு சொல்லை மந்திரம்போல் உச்சரிக்கின்றனர். அச்சொல் 'செயற்பாடு' என்பதாகும். கேட்டுக் கற்பதிலும் செய்து கற்பதே மேல் என்பதும், கல்வியை வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடைத்துவைத்தல் தகாது என்பதும் எவரும் மறுக்கத் துணியாத கொள்கைகளாகிவிட்டன. 1998 ஆம் ஆண்டு கம்பகா மாவட்டத்தில் தொடங்கி மறு ஆண்டு நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் ஐந்து வகுப்புக்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றும் கலந்த கற்பித்தல் முறையை வகுத்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடத்தையே அமைத்தது. கொள்கை நன்று. ஆயின், செய்கை எல்லாம் கல்வியாகிவிடுமா? பிள்ளைகள் கூடிச் செய்யும் வேலை எப்பொழுது அவர்களை வளர்க்கிறது, எப்பொழுது அவர்களைக் காட்சிப் பொருளாக்குகிறது? இவ்வினாவை நம்மவர் போதிய அளவு எழுப்பவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

வடபகுதிப் பாடசாலைகளிற் பெருவழக்காகிவிட்ட சிறுவர் சந்தையை எடுத்துக்கொள்வோம். குறித்த ஒரு நாளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து முற்றத்து வேம்பின் கீழ்ப் பரப்பி வைக்கின்றனர். முருங்கைக்காய், கத்தரிக்காய், முளைக்கீரை, தேசிக்காய், பனங்கிழங்கு, பனாட்டு, எள்ளுருண்டை, வேப்பம்பூ வடகம் என்று கண்ணுக்கினிய காட்சி. தராசு உண்டு, படிக்கல் உண்டு, சில்லறை நாணயங்களும் உண்டு. பெற்றோர் வருவர், ஊர்ப் பெரியோர் வருவர், கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நாடா வெட்டித் திறந்து வைப்பார். கூட்டலும் கழித்தலும், நிறையும் விலையும், பேசவேண்டிய முறையில் பேசுதலும் ஒருங்கே பயிலப்படும் இந்நிகழ்ச்சியிலும் சிறந்த பாடம் ஒன்று இருக்க முடியாது. ஏட்டிலே 'ஒரு கிலோ கத்தரிக்காய்' என்று எழுதிப் பழகிய பிள்ளை, தராசுத் தட்டு ஒருபுறம் சாய்ந்து பின் நேராக நிற்பதைக் காணும்பொழுது அடையும் வியப்பு பெறுமதி மிக்கது. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் சற்று அணுகி நின்று பார்ப்போமாயின் வேறு சில காட்சிகளும் தென்படும். தந்தை வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் வீட்டுப் பிள்ளையின் முன்னால், நகரத்து வெதுப்பகத்தில் வாங்கிய கேக்குத் துண்டுகள் பளபளக்கும் தாளிற் சுற்றப்பட்டு அடுக்கப்பட்டிருக்கும். காணியற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளை வேலியோரத்தில் ஆய்ந்த இரண்டு பிடி பொன்னாங்காணியோடு குந்தியிருக்கும். ஒன்றுங் கொண்டுவர இயலாத பிள்ளை அன்று பாடசாலைக்கே வராது. வரவுப் பதிவேட்டில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவே. விற்பதும் பெரும்பாலும் பிள்ளைகளல்லர். தாய்மார் பின்னால் நின்று கணக்குச் சொல்லி மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பர். பிள்ளை புகைப்படத்துக்காகச் சிரிக்கும். பிரதம விருந்தினர் ஒரு பிடி கீரையை எடுத்து ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டுவார். எல்லோரும் கைதட்டுவர்.

வலிகாமத்திலுள்ள சிறிய பாடசாலை ஒன்றில் நிகழ்ந்ததை அங்கே கற்பிக்கும் நண்பர் நமக்குச் சொன்னார். இவ்வாறு கீரைக்கு ஐந்நூறு ரூபா பெற்ற சிறுமி, மறுநாள் ஆசிரியையிடம் வந்து, "ரீச்சர், என்ரை அம்மா சுன்னாகம் சந்தையிலை இதே கீரையை அறுபது ரூபாவுக்குத்தானே குடுக்கிறா, ஏன் இஞ்சை மட்டும் ஐந்நூறு?" என்று கேட்டாளாம். நான்காம் வகுப்புப் பிள்ளை. ஆசிரியை, "அவர் உங்களைப் பாராட்டித் தந்தவர்" என்று கூறி அனுப்பிவிட்டார். அவரை நாம் குறைகூறவில்லை; ஒரு கையில் பாடக் குறிப்பேடும் மறுகையில் மதிய உணவுக் கணக்குமாக நிற்கும் ஆசிரியை அந்நேரத்தில் வேறென்ன சொல்வார்? எனினும் அச்சந்தை முழுவதிலும் பிறந்த உண்மையான வினா அது ஒன்றே. விலை என்பது என்ன? உழைப்புக்கு உரிய விலையை யார் தீர்மானிக்கின்றனர்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கீரை பிடுங்கிக் கட்டும் தாய்க்கு அறுபது ரூபாவும், அவளுடைய மகளின் புன்னகைக்கு ஐந்நூறு ரூபாவும் கொடுக்கும் உலகம் எத்தகையது? பொருளாதாரப் பேராசிரியர்கள் நூல்கள் பல எழுதி விளக்க முற்படும் இவ்விடயத்தை ஒன்பது வயதுப் பிள்ளை தன் அனுபவத்திலிருந்து தொட்டுவிட்டது. செய்து கற்றல் என்று நாம் கூறுவது பொருளுடையதாயின், செயல் முடிந்த பின்னர் எழும் இத்தகைய வினாவுக்குச் செவிகொடுப்பதிலேயே அதன் பொருள் தங்கியிருக்கின்றது.

கல்விச் சிந்தனையாளர் சிலர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். அமெரிக்க அறிஞர் ஜோன் டூயி 1896 ஆம் ஆண்டு சிக்காகோவில் அமைத்த பரிசோதனைப் பாடசாலையிற் பிள்ளைகள் சமைத்தனர், நெய்தனர், மரவேலை செய்தனர். அவர்களைச் சமையற்காரராகவோ தச்சராகவோ ஆக்குவது அவருடைய நோக்கமன்று. தொழிலினூடாகச் சமுதாயம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காணச் செய்வதே நோக்கம். காந்தியடிகள் 1937 ஆம் ஆண்டு வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்றே பாடசாலைச் செலவை ஈடுசெய்யலாம் என்ற அவருடைய நம்பிக்கை அக்காலத்திலேயே ஐயத்துக்கு உள்ளாயிற்று. பிள்ளையின் கையால் ஆகும் வருவாய் முதன்மை பெறுமிடத்துக் கல்வி பின்தள்ளப்படும் என்று அஞ்சினர். அவ்வச்சம் தவறன்று. சிறுவர் சந்தையின் வருவாயைக் கொண்டு பாடசாலைக்கு ஒலிபெருக்கி வாங்கினோம் என்று பெருமையோடு அறிவிக்கும் அதிபர்களைக் காணும்பொழுது நமக்கு வார்தா விவாதம் நினைவுக்கு வருகின்றது.

சிரமதானம் என்ற மற்றொரு செயலையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். 1958 ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரோடு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்களோடு தங்கி வேலை செய்தார். பின்னாளில் நாடெங்கும் பரவிய சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம் ஒரு பாடசாலைச் செயற்பாடே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அங்கே நகரத்து மாணவர் மண்வெட்டி பிடித்தனர் என்பது மட்டும் செய்தியன்று. எவருடைய வீட்டு நிழலிலும் நிற்கக்கூடாதென்று தாம் கேட்டு வளர்ந்தார்களோ அவர்களோடு உடனிருந்தனர் என்பதே செய்தி.

நம் பாடசாலைகளிற் சிரமதானம் எவ்வாறு நடைபெறுகிறது? காலையில் பிந்தி வந்த பிள்ளைக்குத் தண்டனை, முற்றத்தில் குப்பை பொறுக்குதல். வீட்டு வேலை செய்யாத பிள்ளைக்குத் தண்டனை, வகுப்பறை கூட்டுதல். வெள்ளிக்கிழமை காலை ஒன்றுகூடலிலோ உழைப்பின் மேன்மையைப் பற்றி நற்சிந்தனை! திங்கள் முதல் வியாழன் வரை தண்டனையாயிருந்த விளக்குமாறு வெள்ளியன்று திடீரெனப் புனிதப் பொருளாகிவிடுமா? பிள்ளைகள் பேதைகளல்லர். மேலும், தானம் என்பது விரும்பிக் கொடுப்பது. 'கட்டாயம் வரவேண்டும், வராதோர் பெயர் குறித்துக்கொள்ளப்படும்' என்ற அறிவித்தலோடு நடப்பதற்கு வேறு பெயர் வைத்தலே நேர்மையாகும். பிள்ளைகள் வகுப்பறையைக் கூட்டக்கூடாதென்று வாதிடும் புதிய நாகரிகத்தோடும் நமக்கு உடன்பாடில்லை. தாம் இருக்கும் இடத்தைத் தாமே துப்புரவாக்குதல் நல்ல பழக்கம். ஆசிரியரும் அதிபரும் அதே விளக்குமாற்றைப் பிடிக்கவேண்டும். முறை எல்லோருக்கும் வரவேண்டும். மலசலகூடத்தைக் கழுவுவதற்கு எப்பொழுதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அழைக்கப்படலாகாது. யாழ்ப்பாணத்தில் இவ்விறுதி வாக்கியத்தின் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பாடசாலையைச் சமூகத்தோடு இணைக்கவேண்டும் என்று கல்வியதிகாரிகள் அடிக்கடி கூறுகின்றனர். எந்தச் சமூகத்தோடு என்று நாம் கேட்கவேண்டியவர்களாயிருக்கிறோம். அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக அமரவேண்டும் என்ற விதி 1930 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தபொழுது, அதற்கு முன்னர் நிலத்திலும் வெளிவிறாந்தையிலும் இருந்து படித்த பிள்ளைகள் முதன்முறையாக வாங்கில் ஏறினர். அப்பொழுது நம் ஊர்ச் சமூகத்தில் ஒரு பகுதியினர் செய்தது என்ன? பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைச் சேர்ந்த இளைஞர்கள் சமத்துவத்தின் பக்கம் நின்றனர், அவர்களும் சமூகத்தினரே, தீ வைத்தவர்களும் சமூகத்தினரே. ஆகவே சமூகம் என்பது ஒரே முகமுடைய பொருளன்று. அதன் வழமைகளை எல்லாம் அப்படியே உள்ளே அழைத்துக்கொள்ளும் வகுப்பறை தன் கடமையினின்றும் வழுவியதாகும். வாணி விழாவில் அவலும் கடலையும் பரிமாறும் தட்டு யார் கையில் இருக்கிறது, மெய்வல்லுநர் போட்டியிற் கொடி பிடிப்பது யார், பரிசளிப்பு விழாவில் முன்வரிசை நாற்காலி யாருக்கு என்பனவெல்லாம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டாமலே வாசிக்கும் பாடங்கள். பாடசாலை ஊரின் பிள்ளை என்பது உண்மை. பெற்றோரின் பிழையைச் சுட்டிக் காட்டும் பிள்ளையாகவும் அது சில வேளைகளில் இருக்கவேண்டியிருக்கிறது.

இனி, நான்கு ஆண்டுகள் விளையாட்டும் பாட்டும் தோட்டமுமாக வளர்ந்த பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் நேர்வதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்க நெருங்கச் சித்திரப் பாடம் நிற்கும். பாத்தியிற் கத்தரிக் கன்று வாடும். சந்தைக்கும் விழாவுக்கும் ஐந்தாம் வகுப்பு வரமாட்டாது. காலை மேலதிக வகுப்பு, மாலை தனியார் வகுப்பு, ஞாயிறு மாதிரி வினாத்தாள். அண்மைய ஆண்டுகளில் நாடெங்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்ற, ஏறத்தாழ ஆறில் ஒருவரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகின்றனர். தாண்டியோரின் படங்கள் பாடசாலை மதிலிற் பெரிய பதாகையாகத் தொங்கும். எஞ்சிய ஐவரும் ஒவ்வொரு நாளும் அப்பதாகையின் கீழாகவே நடந்து வகுப்புக்கு வருவர். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் நம்மிடம் வரும் பிள்ளைகளிற் பலர், சரியான விடையின் கீழ்க் கோடிடுவதில் வல்லவர்களாயும், தாமாக ஒரு வினாவை எழுப்ப அஞ்சுபவர்களாயும் இருப்பதை நாம் காண்கிறோம்.

இப்பரீட்சையை வெறுமனே பழிப்பதும் எளிதன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிகளின் விடுதியில் தங்கிப் படிப்பதற்குப் புலமைப்பரிசிலே வாயிலாயிற்று. அவ்வழியாக ஏறி வந்தவர்கள் நம்மிடையே பல துறைகளிலும் உளர். தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசின் கைக்கு வந்த பின்னரும், லயத்து அறையொன்றிற் பிறந்த பிள்ளைக்கு நகரப் பாடசாலைக்குச் செல்லக் கண்முன் தெரியும் ஏணி இது ஒன்றே. 'பரீட்சை முக்கியமன்று, பிள்ளை மகிழ்ச்சியாயிருக்கட்டும்' என்று அத்தாயிடம் உபதேசிப்பவர் யார் என்று பாருங்கள்: அவருடைய பிள்ளை முதலாம் வகுப்பிலேயே பெரிய கல்லூரியொன்றிற் சேர்ந்துவிட்டிருக்கும். ஏணி ஒன்றே இருக்கிற வீட்டில் ஏணியை உடைக்கச் சொல்வது நீதியாகாது; ஏணியே தேவைப்படாதபடி அயற்பாடசாலைகள் உயரவேண்டும் என்று கேட்பதே நீதி. அது அரசின் கடன். அதனைக் கேட்டு நிற்பது நம் கடன்.

அதுவரை ஆசிரியர் கையில் உள்ளது என்ன? மேற்கூறிய வலிகாமத்துப் பாடசாலையில் நம் நண்பரும் வேறு இரு ஆசிரியைகளும் கூடி அடுத்த சந்தைக்குச் சில ஏற்பாடுகளைச் செய்தனர். வீட்டிலிருந்து பொருள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. பாடசாலைத் தோட்டத்தில் மூன்று மாதம் விளைந்ததும், பிள்ளைகள் ஓலையில் இழைத்த குட்டான்களும் பொதுவாக வைக்கப்பட்டன. யார் எதை விற்பதென்று திருவுளச் சீட்டுப் போடப்பட்டது. பெற்றோர் வாங்குவோராக மட்டும் வந்தனர். அதற்கு முந்திய வாரம் ஐந்தாம் வகுப்பு உட்பட எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலும் சந்தையிலும் விலை கேட்டு எழுதிவந்தனர். தோட்டத்திற் பெறும் விலை ஒரு பக்கம், கடையில் விற்கும் விலை மறுபக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள தொகை யாரிடம் போகிறது என்று கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதப்பட்டது. லொறிக்காரருக்கு என்றது ஒரு பிள்ளை. தரகருக்கு என்றது மற்றொன்று. கழிவு என்று சொல்லித் தன் தகப்பனின் மூடையிலிருந்து பத்துக்கு ஒரு கிலோ எடுத்துவிடுவார்கள் என்றது மூன்றாவது.

விற்று வந்த பணத்தை என்ன செய்வதென்று பிள்ளைகளே கூடிப் பேசினர். பந்து வாங்கவேண்டும் என்றனர் பையன்கள். மழைக்கு ஒழுகும் மூன்றாம் வகுப்புக் கூரைக்குத் தகரம் வேண்டும் என்றனர் வேறு சிலர். 'கூரை போடுவது அரசாங்கத்தின் வேலை, நாங்கள் ஏன் போடவேண்டும்?' என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். வாதம் மணியடித்தும் முடியவில்லை. அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பாடவேளையையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்துப் போனார்.