வலமிருந்து எழுதத் தொடங்கு!

தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ காப்பிப் பழம் பறிக்கிற வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த தங்கச்சி! துணைப்பாடமாக அரபியும் இஸ்லாமியப் பண்பாடும் படிக்கப்போகிறேன் என்றதும், "நமக்கெதுக்குடி அது?" என்று கேட்டார்களா? திருப்பிக் கேள்: "நம்ம மலைக்கு அராபிகா மட்டும் எதுக்கு?" ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தில் கப்பலேறிய பயிர் அது. ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டவர் பாபா புடன் என்ற சூஃபி என்பார்கள். இன்று அதில்தான் உன் வீட்டு அடுப்பு எரிகிறது.

கிரீஷ் சந்திர சென் என்ற வங்காளியைத் தெரிந்துகொள். பிரம்ம சமாஜத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய பிறகு, 1876-ல், லக்னோவுக்குப் போய் அரபி படிக்க உட்கார்ந்தார். பத்தே ஆண்டில், 1886-க்குள், குர்ஆன் முழுவதையும் வங்காளத்தில் தந்துவிட்டார். "நமக்கெதுக்கு" என்று அவரிடமும் நாலு பேர் கேட்டிருக்க மாட்டார்களா? உனக்கு இன்னும் இருபதுகூட ஆகவில்லை!

கஷ்டமா? கஷ்டம்தான். தொண்டையின் அடியிலிருந்து எழுப்ப வேண்டிய ஒலிகள் உண்டு. குற்றுயிரை எழுதாமல் விட்டுவிடுவார்கள். படிப்பவர்தான் இடமறிந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க'வைப் பார்த்து மூன்று விதமாக ஒலிக்கிறவள் நீ. எழுத்தில் இல்லாததை வாயில் கொண்டுவரும் பயிற்சி உனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது.

இன்னொரு சொத்தும் உனக்குக் காத்திருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் அரபி எழுத்தில் தமிழை எழுதினார்கள்; தமிழ் ஒலிக்காக எழுத்துக்குப் புள்ளி கூட்டினார்கள். அரபுத் தமிழ் என்று பெயர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல்களே எழுதினார். கெய்ரோவின் பேராசிரியர் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார், பொருள் புரியாது. நம் தமிழ்ப் பேராசிரியருக்கு எழுத்தே பிடிபடாது. இரண்டும் தெரிந்தவள் ஒருத்தி வேண்டும். அது நீயாக ஏன் இருக்கக் கூடாது?

வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: 1973 முதல் ஐ.நா.வின் அலுவல் மொழி அரபி. ஓமானிலிருந்தும் ஏமனிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காகச் சென்னை மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கின்றன.

உன் கல்லூரியில் இந்தப் பாடம் இல்லையா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் அரபி, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் அரபித் துறை உண்டு. அவர்களுக்கு எழுது, பாடத்திட்டம் கேட்டு வாங்கு. தோழிகளைச் சேர்த்து மனு கொடு. முதல்வர் அறைக் கதவைத் தட்டு. பதில் வரும்வரை சும்மா இருக்காதே. அரபிக்கு மொத்தம் 28 எழுத்து. இன்று ராத்திரியே நோட்டை எடுத்து முதல் ஏழு எழுத்தை எழுதிப் பார்.