ஒன்றும் வேண்டாதவன்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணப் பேச்சு எடுத்து வருபவரிடம் பெண்ணின் உம்மா என்னென்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், "மாப்பிள்ளை வீடு வளவு, கைக்கூலி ஒன்றும் வேண்டாம் என்கிறார்" என்ற பதில் வரும்போது, அவர் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியல்ல, சந்தேகமே. "ஒண்டும் வேணாமெண்டா மாப்புளக்கி என்ன குறை காக்கா?"

இதே கேள்வியைச் சுற்றி எழுதப்பட்ட அமெரிக்க நகைச்சுவை நாடகம் ஒன்று உண்டு. கொரியாவில் பிறந்த யங் ஜீன் லீ எழுதிய 'ஸ்ட்ரெயிட் வைட் மென்' 2014இல் முதன்முதலாக மேடையேறியது. 2018இல் அது பிரோட்வே அரங்குக்கு வந்தபோது, அங்கு நாடகம் மேடையேறிய முதல் ஆசிய அமெரிக்கப் பெண் நாடகாசிரியர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. கதை எளியது. நத்தார் விடுமுறைக்கு மூன்று ஆண்மக்கள் தந்தையின் வீட்டில் கூடுகின்றனர். வெள்ளை ஆணாகப் பிறந்ததன் அனுகூலத்தைப் பிள்ளைகள் உணர வேண்டுமென்று, மறைந்த தாய் மொனோபொலி விளையாட்டையே மாற்றியமைத்துக் கொடுத்திருந்தாள். அவளிடம் வளர்ந்தவர்களில் ஒருவன் வங்கியாளன், மற்றவன் எழுத்தாளன். எல்லோரிலும் திறமைசாலியான மூத்தவன் மெட் மட்டும் தந்தையோடு தங்கி, தற்காலிக வேலை ஒன்றைச் செய்து வருகிறான். சாப்பாட்டின் நடுவே அவன் அழுதுவிடுகிறான்.

ஏன் அழுதான் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். இது மனநோய், வைத்தியம் தேவை என்கிறான் ஒருவன். தனக்குக் கிடைத்த அனுகூலத்தைத் தியாகம் செய்கிறான் என்கிறான் மற்றவன். கடன்தான் காரணமென்று தந்தை நினைக்கிறார். எவருடைய விளக்கத்துக்கும் மெட் உடன்படுவதில்லை. தன்னால் ஏதாவது பயன் இருந்தால் போதும் என்பதே அவன் சொல்வது. நாடகம் முடிகையில் அவன் தனித்து விடப்படுகிறான். தியாகியையும் நோயாளியையும் அந்தக் குடும்பத்தால் ஏற்க முடியும். ஆசையே இல்லாத ஆணை ஏற்க முடியவில்லை.

நாடகம் உருவான விதம் இதைவிடச் சுவையானது. வெள்ளை ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென விரும்புகிறீர்கள் என்று, அனுகூலம் குறைந்த தரப்புகளைச் சேர்ந்த மாணவர்களிடம் லீ ஒரு பட்டறையில் கேட்டார். அடங்கியிருந்து மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார்கள். அப்படியொரு பாத்திரத்தை எழுதிக் காட்டியபோது அவர்களுக்கே அவனைப் பிடிக்கவில்லை. அவர்கள் கண்ணில் அவன் தோற்றுப்போனவன்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். அக்கரைப்பற்றில் குடி தாய்வழியே வருகிறது. இதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வேறுபாடில்லை. வீடு மகளுக்கு. கலியாணத்தின் பின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீட்டைக் கட்டி முடிக்க வாப்பா வயலை விற்பார். காக்கா மத்திய கிழக்கில் வெயிலில் நிற்பார், தங்கச்சிமார் கரைசேரும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடுவார். மார்க்கம் ஆணிடம் மஹரைக் கேட்கிறது. வழக்கமோ பெண்ணிடம் கைக்கூலியைக் கேட்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலிக்கு வரைவிலக்கணமே இருக்கிறது.

இந்நிலையில் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்பவன் நல்லவன்தான். ஆயினும் அந்த நன்மையின் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அவன் மறுத்தால் ஊர் மெச்சுகிறது, ஜும்ஆவுக்குப் பின் அவன் பெயர் பேசப்படுகிறது. "வீடு தராவிட்டால் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் அவளை யார் மெச்சுவார்? "வீடு வேண்டாம்" என்று அவள் சொன்னால்தான் யார் கேட்பார்? வாங்கும் உரிமை ஆணுக்கு, வேண்டாமென்று சொல்லிப் புகழ் பெறும் உரிமையும் ஆணுக்கே. அனுகூலத்தை உதறுவதுகூட ஓர் அனுகூலமாகிவிடுகிறது. மெட் சிக்கிக்கொண்ட பொறியும் இதுவே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சீதன வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில், சிலவேளை இருவர் பெயரிலும் இருக்கிறது. பெண்ணின் பெயரில் இருந்தால், உறவு முறிகிற நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் கணவர், அவளல்ல. சீதனம் ஒழிய வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் "ஆணே வீடு கட்டட்டும்" என்கிறோம். அந்த வீடு அவன் பெயரில் இருந்தால், நாளை தெருவில் நிற்கப் போவது யார்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் கரையோரத்தில் பல புதிய வீடுகள் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டன. உம்மா வழியாக வந்த வளவைக் கடல் கொண்டுபோனது, அதன் மீதிருந்த பெண்ணின் உரிமையைப் படிவம் கொண்டுபோனது.

ஆகவே கேள்வி வாங்குவதா மறுப்பதா என்பதல்ல. மகளுக்கு ஒரு கூரை கிடைப்பது வேறு, அந்தக் கூரையை ஆணின் விலையாகப் பேசுவது வேறு. "வேண்டாம்" என்று சொல்லி ஒதுங்கும் ஆண் தன் கையைக் கழுவிக்கொள்கிறான், பேரம் அடுத்த வீட்டில் தொடர்கிறது. அதே உம்மா அவனுடைய தம்பிக்கு விலை பேசும்போது அவன் வாய் திறக்கிறானா? பெண்ணின் வாப்பா வீட்டுக்காகப் பட்ட கடனில் தன் உழைப்பிலிருந்து பாதியைக் கட்டிக்கொண்டு, உறுதியை அவள் பெயரிலேயே விட்டுவைக்கிறானா? அப்படிச் செய்பவனை ஜும்ஆவுக்குப் பின் யாரும் மெச்சமாட்டார்கள். மாறாக, "பொண்டாட்டி ஊட்டுக்கு உழைக்கிறவன்" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியுமா என்பதே ஆண்மைக்கான சோதனை. மெட்டிடம் ஆசை இல்லை, அதனால் அவன் தனித்துப்போனான். நம்மிடம் இருக்க வேண்டியது ஆசையின்மையல்ல, கூச்சமின்றிச் சுமையில் பங்கெடுக்கும் மனம். 'மாப்புளக்கி என்ன குறை' என்று கேட்ட அந்த உம்மாவுக்கு அப்போதுதான் நாம் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.