ஓரறிவுயிரும் மருந்தும்

பூசணத்தைத் தொட்டியில் நொதிக்கவிட்டு, அது சுரக்கும் மருந்தைப் பிரித்தபின் அந்த உயிரை அழிப்பது கொலையாகுமா? சமண அறத்தில் இது உண்மையான சிக்கல். ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் வாழும் ஓரறிவுயிராகவே சமணம் பூசணத்தைக் கொள்கிறது. புனேயில் போசரியை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் 1955 முதல் பெனிசிலினை நொதித்தல் முறையில்தான் தயாரித்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்களின் பிறப்பும் அவ்வாறே. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூசணங்களை ஆராய்ந்து, 1973இல் பெனிசிலியம் சிட்ரினத்திலிருந்து காம்பாக்டினைக் கண்டறிந்தார். ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் தரும் லோவாஸ்டாட்டினுக்கு 1987இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாக உதவும் நொதியை இவை தடுக்கின்றன.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் உயிர் போவதை மட்டும் இம்சை என்பதில்லை. விழிப்பற்ற, வேட்கை கலந்த செயலால் அது போவதையே அப்படி வரையறுக்கிறது. துறவியின் மாவிரதம் ஓரறிவுயிரையும் காக்கிறது. இல்லறத்தாரின் அணுவிரதமோ ஈரறிவு முதலான உயிர்களை வேண்டுமென்றே கொல்வதை விலக்கி, தொழிலில் நேரும் இம்சையைத் தனி வகையாக வைக்கிறது. ஆனால் தொட்டியிலுள்ள பூசணம் தற்செயலாக இறப்பதில்லை. அதன் அழிவு முன்பே திட்டமிடப்பட்டது. தொழில் என்ற பெயர் மட்டும் அதற்கு விடையாகாது. மாரடைப்பைத் தடுக்கும் நோக்கம் வினையின் கடுமையைத் தணிக்குமே தவிர, வினையை இல்லாமலாக்காது. ஸ்டாட்டின்களிலேயே அட்டோர்வாஸ்டாட்டின் பூசணம் சுரப்பதன்று, வேதிமுறையில் தொகுக்கப்படுவது. நோன்பு கொண்ட நோயாளிக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைக்க இடமிருந்தால், அதுவே பொருத்தமான தேர்வு.