வர்ணத்தின் சரீரம்

ஜடப் பொருள் ஆன்ம அனுபவத்துக்குத் திரையாக நிற்கிறதா, துணையாக நிற்கிறதா என்னும் பழைய தர்க்கத்தை நூல்களில் படித்தபோது எனக்குப் பிடிபடாதிருந்த ஒரு விஷயம், தைல வர்ணத்தைத் தூரிகையின்றிப் பேலட் கத்தியாலேயே கான்வாஸில் இட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஓரளவு தெளிவாயிற்று.

தூரிகை வர்ணத்தை மறைக்கவல்ல கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கலைக்கழகம் போற்றிய ஓவியங்களில் பட்டாடையின் மினுமினுப்பும் தோளின் மென்மையும் தெரியுமேயன்றி, அவற்றை உண்டாக்கிய வர்ணம் எங்கும் தலைகாட்டாது. பொருள் தன்னை முற்றிலும் ஒடுக்கிக்கொண்டு உருவத்துக்கு இடம் விடுவதே பூரணத்துவம் என்று அங்கே கருதப்பட்டது. பேலட் கத்தியோ, பலகையில் வர்ணங்களைக் குழைக்கவும் மிஞ்சியதைச் சுரண்டவும் ஏற்பட்ட ஏவல் கருவி. கொத்தனாரின் கரண்டியைச் சிறிதாக்கினாற்போல் கழுத்து வளைந்தும், தகடு மெலிந்து துவண்டும் இருக்கும் அதன் அடிப்பக்கத்தில் வர்ணத்தை வாரி, கான்வாஸில் அமர்த்தி, இழுத்து, சட்டென்று எடுத்துவிட வேண்டும். இன்னும் ஈரம் உலராத கருநீலத்தின்மேல் வெண்மையை அவ்வாறு லேசாக இழுக்கும்போது, வெண்மை மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொள்ள, பள்ளங்களில் நீலம் அப்படியே கிடக்கிறது. கத்தி எழும்பும் இடத்தில் வர்ணம் ஒரு சிறு வரப்பாகத் தூக்கி நிற்க, சாளரத்து வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது அந்த வரப்பின் மெய்யான நிழலே கான்வாஸில் விழுகிறது. அழகுபடுத்தும் ஆசையால் அதே இடத்தில் மறுபடியும் கத்தியை ஓட்டினால் இரண்டு நிறங்களும் கலந்து சேறாகிவிடும். ஆகவே, இட்டதை இட்டபடி விட்டுவிடும் மனப்பக்குவத்தைக் கை முதலில் கற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கத்தியைத் துணிந்து கையாண்டவர்களில் பிரெஞ்சு ஓவியர் கூர்பேயை முதன்மையாகச் சொல்ல வேண்டும். 1819ஆம் ஆண்டில், சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த ஓர்னான் என்னும் ஊரில் பிறந்த அவர், 1861இல் மாணவர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், கண்ணெதிரே மெய்யாக உள்ள பொருள்களைக் காட்டுவதே ஓவியத்தின் தொழில் என்று அறுதியிட்டுக் கூறினார். கண்டறியாத தேவதூதர்களைத் தீட்டுவதற்கு அவர் உடன்படவில்லை. 1869இல் நார்மண்டிக் கடற்கரையில் எத்ரெத்தா என்னுமிடத்தில் தங்கி அவர் தீட்டத் தொடங்கிய அலை ஓவியங்களில், இருண்ட அடிப்பூச்சின்மேல் கத்தியால் அப்பிய வெண்மையும் பச்சையும் கல்லின் பாரத்தோடு புரண்டு வருகின்றன. சமயம் கடந்து நின்ற ஒருவரின் கையால் உருவான அந்த அலைகளின்முன் மனம் பெரிதும் ஒடுங்கிவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

அதே கத்தியை முற்றிலும் வேறொரு யாத்திரைக்குத் துணைகொண்டவர் நம் தேசத்தவரான வி. எஸ். காய்தோண்டே (1924–2001). நாகபுரியில் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று, ஜென் பௌத்த சிந்தனையில் தோய்ந்த அவர், உருளையாலும் கத்தியாலும் வர்ணத்தைப் பரப்பியும் வழித்தும், உருவம் என்று எதையும் சுட்டாத ஒளிவெளியைக் கான்வாஸில் நிலைபெறச் செய்தார். ஓர் ஆண்டில் அவர் முடித்த ஓவியங்கள் மிகச் சில. அந்த நிதானத்துக்குத் தைல வர்ணமும் இசைவானதே. அதில் குழைத்த ஆளிவிதை எண்ணெய், தண்ணீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராண வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. கனமாக இட்ட வர்ணத்தின் மேற்புறம் சில நாட்களில் ஆடை கட்டினாலும் உட்புறம் மாதக்கணக்கில் இளகியே கிடக்கும். பொருளுக்கும் தனக்கென ஒரு காலமும் தர்மமும் உண்டு என்பதைத் தைல வர்ணத்தோடு பழகுகிறவன் நாள்தோறும் உணர்கிறான்.

ஜடத்தை நாடிய கூர்பேயும் அருவத்தை நாடிய காய்தோண்டேயும் ஒரே கருவியை எடுக்க நேர்ந்தது எதனால்? மாயை மெய்ப்பொருளை மறைக்கும் ஆவரணம் என்று அத்வைதிகள் கூறுவதை மட்டும் கொண்டால் இதற்கு விடை காண்பது கடினம். சைவ சித்தாந்தம் இங்கே எனக்கு அதிகமாக உதவுகிறது. மாயையும் உயிரைக் கட்டும் பாசமே என்று ஒப்புக்கொண்ட சித்தாந்திகள், இருளாகிய ஆணவத்தில் கிடக்கும் உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருள்களையும் வழங்கி, விடியும்வரை விளக்கைப்போல் உதவுவது அதுவே என்றும் வகுத்தார்கள். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் இதைத் தெளிவாகவே உரைக்கிறது. பொருளைக் கரைத்து இல்லாததாக்கினால்தான் ஒளி தோன்றும் என்பதற்கில்லை. பொருளை அதன் கனத்தோடும் கரடுமுரடோடும் ஏற்று நிற்கும்போதும் ஒளி அதன்மேல் வந்து படிகிறது.

இவ்வாறு சொல்வதனால், வர்ணத்தை விரற்கடை கனத்துக்கு அப்பிவிட்டால் அது ஞானமாகிவிடும் என்று எவரும் கொள்ளலாகாது. கத்தியைப் பழகுவோர் பலர் அதன் வீச்சிலும் பகட்டிலுமே மயங்கி நின்றுவிடுகிறார்கள். அங்கே வெளிப்படுவது பொருளின் இயல்பன்று, தீட்டியவனின் ஆணவமே. கூர்பேயின் அலைகளில் இந்தப் பகட்டு இல்லை. கடலின் பாரத்துக்கு எவ்வளவு வர்ணம் வேண்டுமோ அவ்வளவே இருக்கிறது.

அவர் ஜடத்தோடு நின்றுவிட்டார் என்றும், காய்தோண்டேயே அதைக் கடந்து சென்றார் என்றும் தரம் பிரித்துக் கூற எனக்கு மனம் இசையவில்லை. உலக அனுபவத்தின் வாயிலாகவே உயிரின் ஆணவ மலம் பரிபாகமடைகிறது என்பது சித்தாந்திகளின் துணிபாக இருக்க, ஓர் அலையின் பாரத்தை அத்தனை பொறுமையோடு கத்திமுனையில் எடைபோட்டுப் பார்த்த மனிதரை நாத்திகர் என்று ஒதுக்கி வைப்பதற்கு அந்தச் சமயம் இடம் தரும் என்று நான் நம்பவில்லை.