அக்காவைக் கேட்டோமா?

அப்பா காலமான பின் பூர்வீக வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டைவிரல் மையை முந்தானை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். எதுவும் பேசவில்லை. சீர்செனத்தி செய்தாயிற்று, அத்தானும் வசதியாக இருக்கிறார், அவளுக்கு எதற்குப் பங்கு என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் திருமணமான மகளுக்கும் சம உரிமை தரும் திருத்தம் 2005-லேயே வந்துவிட்டது. அது எனக்குத் தெரியாததும் அல்ல.

போன பொங்கலுக்கு வந்தவள், அம்மா அரிசி புடைக்கும் திண்ணையைத் தடவியபடி, “இங்க ஒரு ரூம் எனக்குன்னு இருந்திருக்கலாம்டா தம்பி” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

உங்கள் வீட்டில் பத்திரம் எழுதுமுன், அக்கா தங்கையை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேளுங்கள்.