ஆயுதம் அபயம் அளிக்குமா?

அச்சமின்றி வாழவேண்டும் என்பது உயிர்கள் அனைத்திற்கும் பொதுவான விருப்பம். அவ்விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகக் கூறிக்கொண்டு விலைக்கு வரும் பொருள்களுள் கைத்துப்பாக்கியும் ஒன்று. 2014-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கான்பூரிலுள்ள அரசாங்கப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களைக் கருத்திற்கொண்டு ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி உயிர்நீத்த இளம்பெண்ணை நாடு ‘நிர்பயா’ என்று அழைத்தது. அப்பெயரை நினைவூட்டும் வண்ணம் இவ்வாயுதத்திற்கு ‘நிர்பீக்’ என்று பெயரிட்டனர். அச்சமற்ற நிலையையே இவ்விரு சொற்களும் குறிக்கின்றன. எடை 500 கிராம், இடக்கூடிய தோட்டாக்கள் ஆறு, வெளியிட்டபோது இருந்த விலை ரூ. 1,22,000-க்கு மேல்.

பெயரோ அச்சமின்மை; பொருளோ கொலைக்கருவி. இப்பெயர் இப்பொருளுக்குப் பொருந்துமா என்று ஆராய்வது, அபயத்தைக் கொடைகளுள் சிறந்ததாகப் போற்றும் பௌத்தர்க்குக் கடமையாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தாக்க வருபவனைத் தடுத்துக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டா என்பது இங்கு வினா அன்று. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்வுரிமையை ஏற்றிருந்தது. அதற்குப் பதிலாக 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் அதனை ஏற்கின்றது. பாபாசாகேப் அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், கொல்ல வேண்டும் என்னும் விருப்பத்தையும், கொல்ல நேரும் தேவையையும் வேறுபடுத்திக் காட்டியுள்ளார். ஆகவே, அடிபட்டுக்கொண்டிருப்பதே அறம் என்று நாம் சொல்ல வரவில்லை. கைத்துப்பாக்கியை வைத்திருப்பவர் அதனால் முன்னிலும் பத்திரமாக இருக்கின்றாரா? இதுவே வினா. கருவியின் அமைப்பையும், அதனால் விளைந்தவற்றையும் பார்த்தே இதற்கு விடை காணவேண்டும்.

கைத்துப்பாக்கியின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1836-ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்ட் என்பவர் அமெரிக்காவில் சுழலும் உருளை அமைந்த துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இத்தொழிலில் உள்ளோர், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகளை ஒரே கருவியில் நிறைவேற்ற முயன்று வருகின்றனர். உரியவர் விரும்பிய கணத்தில் அது தவறாமல் வெடிக்க வேண்டும் என்பது ஒன்று. வேறு எக்கணத்திலும், வேறு எவர் கையிலும் வெடிக்கலாகாது என்பது மற்றொன்று.

1873-ஆம் ஆண்டில் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தன. ஆயினும் விவரம் அறிந்தவர்கள் ஐந்து தோட்டாக்களையே இட்டனர். தோட்டாவின் அடியில் மோதும் சுத்தி, அதன்மேல் படிந்தவாறே இருந்தமையால், கருவி கீழே விழுந்தால் தானே வெடித்துவிடும். அதற்கு அஞ்சி ஓர் அறையை வெறுமையாக விட்டனர். 1887-ஆம் ஆண்டில் ஸ்மித் அண்டு வெசன் கம்பெனியார் கைப்பிடியின் பின்புறத்தில் ஒரு நெம்புகோலை வைத்தனர். உள்ளங்கையால் அதனை இறுக அழுத்தினாலன்றித் துப்பாக்கி வெடிக்காது. குழந்தையின் சிறு கைக்கு அது இயலாது என்பது அவர்கள் எண்ணம். 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஏற்றுக்கொண்ட ஜான் பிரௌனிங்கின் துப்பாக்கியில் இப்பிடித் தடையோடு பெருவிரலால் தள்ளும் தடையொன்றும் சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படையினர் ஏற்றுக்கொண்ட கிளாக் துப்பாக்கியிலோ, கையால் தள்ளும் தடை இல்லை. விசையிலேயே ஒரு சிறு நெம்புகோல் அமைந்தது. விசையை முறையாக இழுத்தாலன்றி அது வெடிக்காது. இழுத்த விரல் யாருடையதாயினும் வெடிக்கும்.

இம்முரண்பாடு எவ்வளவு முயன்றும் தீர்ந்தபாடில்லை. விசையைக் கடினமாக்கினால் குழந்தையால் இழுக்க இயலாது. நடுங்கும் கையோடு நிற்பவரின் குறியும் தவறிப்போகும். விசையை எளிதாக்கினால் விரல் தவறியே உயிர் போகும். பைக்குள் வைத்துக்கொள்ள எடையைக் குறைத்தால், சுடும்போது அது கையைப் பின்னோக்கி உதைக்கும் வேகம் கூடும். தோட்டாவை வேறாகவும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் வைத்தால் வீட்டார்க்கு நலம். நள்ளிரவில் கதவை உடைப்பவன் பூட்டைத் திறக்கும்வரை காத்திரான். உரியவர் கட்டிய கைக்கடிகாரம் அருகில் இருந்தாலன்றி வெடிக்காத துப்பாக்கி ஒன்றும் ஜெர்மனியில் செய்யப்பட்டது. மலிவான காந்தத் துண்டுகளைக் கொண்டே அத்தடையை வெல்லலாம் என்று 2017-ஆம் ஆண்டில் ஒருவர் காட்டிவிட்டார்.

இத்தடைகள் யாவும் வெற்றி பெற்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று எஞ்சும். கையில் உள்ளவர் உரியவர்தாமா என்பதை இயந்திரம் ஒருநாள் அறியக்கூடும். அவர் அந்நேரத்தில் எந்த மனநிலையில் இருக்கின்றார் என்பதை அஃது அறியாது. சினம் கொண்டவரா, குடித்திருப்பவரா, வாழ்வில் வெறுப்புற்றவரா என்று அது கேளாது. நெடுநாள் பகைக்கும் ஒருகணச் சினத்திற்கும் அது ஒரே விடையைத்தான் தரும். லோபம், துவேஷம், மோகம் என்னும் மூன்றும் மனத்தில் எழும், எழுந்து தணியும். தணியும்வரை பொறுப்பதற்குரிய அவகாசத்தை இக்கருவி பறித்துவிடுகின்றது.

இது வெறும் ஊகம் அன்று என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. குடிமக்களிடம் மிகுதியான துப்பாக்கிகள் உள்ள நாடு அமெரிக்கா. அங்கு 2021-ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். துயரம் மேலிட்ட அக்கணத்தைக் கடந்து உயிர்பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. துப்பாக்கி அருகில் இருந்தாலோ, அக்கணத்தைக் கடத்தல் அரிதாகின்றது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் 2016 வரை நடந்த இறப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் இரண்டு முடிவுகளை வெளியிட்டனர். துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, கைத்துப்பாக்கி உடைய ஆடவரிடையே, இல்லாத ஆடவரைவிட ஏறத்தாழ 8 மடங்கு மிகுதி. பெண்களிடையே ஏறத்தாழ 35 மடங்கு மிகுதி என்பது 2020-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாம் துப்பாக்கி வைத்திராது, வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் நிலை 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவர்கள் கணவராலோ மனைவியாலோ காதலராலோ சுட்டுக்கொல்லப்படுவது, துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி. அவ்வாறு மாண்டவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வெளியிலிருந்து வரும் பகைவனுக்கென்று வாங்கிய கருவி வீட்டிற்குள்ளேயே திரும்பிற்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படுகின்றன. அவற்றை நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியால் தப்பியவர் பலர் உண்டே என்பது முதல் மறுப்பு. அமெரிக்காவில் ஆண்டுக்கு இருபத்தைந்து இலட்சம் முறை மக்கள் துப்பாக்கியால் தம்மைக் காத்துக்கொள்கின்றனர் என்று 1995-ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சியாளர் எழுதினர். குற்றத்திற்கு ஆளானோரை அந்நாட்டு அரசாங்கம் வினவி எடுக்கும் கணக்கோ ஓர் இலட்சத்திற்கும் குறைவாகவே காட்டுகின்றது. எது சரியாயினும், துப்பாக்கி சிலரைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. காக்கப்பட்டோரை மட்டும் எண்ணி, அதே கருவியால் வீட்டில் மாண்டோரை எண்ணாது விடுவது கணக்காகாது என்றே கூறுகின்றோம்.

ஆபத்தில் இருப்பவரும் மனம் நொந்தவருமே துப்பாக்கி வாங்குகின்றனர். சாவு அவரைத் தேடி வந்ததற்குத் துப்பாக்கியைக் குறைகூறலாமா என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு இஸ்ரேல் நாட்டுப் படையின் அனுபவம் விடை தருகின்றது. இளம் போர்வீரர்கள் வார விடுமுறையில் துப்பாக்கியோடு வீடு செல்வதை அப்படையினர் 2006-ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தினர். அதன்பின் வீரர்களிடையே தற்கொலை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. குறைவு விடுமுறை நாள்களிலேயே காணப்பட்டது. மற்ற நாள்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. துயரமும் தனிமையும் முன்போலவே இருந்தன; கருவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதுவே பல இளைஞர் உயிரைக் காத்தது.

இவ்வொளியில் ‘நிர்பீக்’ ரிவால்வரை மீண்டும் நோக்குவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டில் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவன் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவன். உறவினன், அண்டைவீட்டான், அறிந்த நண்பன் ஆகியோரை எதிர்பார்த்து ஒரு பெண் நாள்முழுதும் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு வாழ்வாளா? வெளியிட்டபோது அதன் விலையும் கூலிவேலை செய்யும் பெண்ணின் ஓராண்டு ஊதியத்தினும் மிகுதியாக இருந்தது. காப்பாற்ற வேண்டிய அரசாங்கம் காவலைத் தராமல் கருவியை விற்குமாயின், தன் கடமையை அப்பெண்ணின் தோளிலேயே ஏற்றிவிட்டது என்றன்றோ பொருள்?

இனி நமக்கே உரிய வினாவுக்கு வருவோம். சாதி இந்துக்களின் கொடுமைக்கு ஆளான மக்கள் ஆயுதம் தாங்கினால் என்ன? இதனை நகைத்துத் தள்ளுதல் ஆகாது. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1995-ஆம் ஆண்டில் வந்த அதன் விதிகளுள் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் இரண்டு பரிகாரங்களைக் கூறுகின்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதார் வைத்துள்ள ஆயுத உரிமங்களை ரத்துசெய்து, சட்டவிரோதமான துப்பாக்கிகளைக் கைப்பற்றுவது ஒன்று. தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஆயுத உரிமம் வழங்குவது மற்றொன்று. பட்டியல் சாதியினராகிய பௌத்தரும் 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இப்பாதுகாப்பிற்கு உரியவராயினர்.

இவ்விரண்டில் எதனை நாம் வற்புறுத்திக் கேட்கவேண்டும்? 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இரவில், பீகாரிலுள்ள லட்சுமண்பூர் பாத்தே என்னும் ஊரில் ரணவீர சேனை என்னும் நிலவுடைமையாளர் படையினர் புகுந்து 58 பேரைக் கொன்றனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். உறங்கிக்கொண்டிருந்த அக்குடிசைகளில் ஆளுக்கொரு ரிவால்வர் இருந்திருந்தால் அப்படை திரும்பியிருக்குமா? திட்டமிட்டுத் துப்பாக்கிகளோடு வரும் கூட்டத்திற்கு முன் அது பெரிதும் பயன்படாது. அதுமட்டுமன்று. இந்நாட்டில் ஏழை ஒருவன் கையில் துப்பாக்கி இருப்பதே அவனைக் குற்றவாளியாக்கப் போதிய சான்றாகிவிடும். சேனையினரின் துப்பாக்கிகள் முன்னரே பறிக்கப்பட்டிருந்தால், அவ்விரவு அங்ஙனம் விடிந்திராது. அவ்வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013-ஆம் ஆண்டில் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது என்பதையும் நினைக்கவேண்டும். அம்மக்களுக்கு இல்லாது போனவை சட்டத்தின் காவலும் நீதியும். அவற்றின் இடத்தை ஒரு ரிவால்வர் நிரப்பாது.

ஆதலின், உரிமம் கேட்பவனை நாம் பழிக்கமாட்டோம். உயிருக்கு அஞ்சி நிற்பவனிடம் அகிம்சையை உபதேசித்துவிட்டு அகல்வது கருணையாகாது. ஆயினும் நம் சங்கங்கள் முதலில் கேட்கவேண்டுவது மூன்றாம் விதியின் முதற் பரிகாரத்தையே. நம் வட்டத்தில், நம் தாலுக்காவில் யார் யாரிடம் ஆயுத உரிமம் உள்ளது? வன்கொடுமை நிகழும் என்று அறிந்த இடத்தில் ஒன்றேனும் ரத்து செய்யப்பட்டதா? இவற்றை மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் வினவுவது ஒவ்வொரு கிளைச் சங்கத்தாலும் இயலும். வீடுதோறும் ஒரு துப்பாக்கி வாங்கச் சேர்க்கும் பணத்தைக் கொண்டு, ஊருக்கொரு வழக்கறிஞரை வைத்து வழக்கை இறுதிவரை நடத்தலாம்.

பகவான் புத்தர் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபம் ஒன்று. உயிர்க்கொலையைத் துறந்தவன் அளவிறந்த உயிர்களுக்கு அச்சமின்மையைத் தானமாக அளிக்கின்றான். அதனால் தானும் அச்சமின்மையில் பங்கு பெறுகின்றான் என்று அங்குத்தர நிகாயத்தில் ஒரு போதனை உண்டு. அபயம் என்பது தனியொருவர் விலைக்கு வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொள்ளும் சரக்கன்று என்பது இதனால் விளங்கும். என் அண்டைவீட்டான் என்னை நினைத்து அஞ்சும்வரை, நானும் அவனை நினைத்து அஞ்சியே தீரவேண்டும். நான் ஒரு துப்பாக்கி வாங்கினால் அவன் இரண்டு வாங்குவான். அச்சம் மட்டுமே இருவர் வீட்டிலும் வளரும்.

விகாரைகளில் நாம் வணங்கும் திருவுருவங்கள் பலவற்றில் பகவானின் வலக்கரம் உயர்ந்து, உள்ளங்கை நம்மை நோக்கி விரிந்துள்ளது. அபய முத்திரை என்பது அதன் பெயர். அக்கையில் ஒன்றும் இல்லை. அதனாற்றான் அதன்முன் நிற்பவர் எவரும் அஞ்சுவதில்லை. கொடுமை செய்வோன் கையும் அவ்வாறு வெறுங்கையாகும்படி சட்டத்தைக் கொண்டு செய்வதும், நம் கையை நாமே விரும்பி வெறுங்கையாக வைத்துக்கொள்வதும், அபயத்தை நாடும் மக்கள் ஒருங்கே செய்யவேண்டிய இரு பணிகளாம்.