அக்னி போக்காத மாசு

 தங்கவயல் பக்கத்துப் பேத்தமங்களாவில், விஜயேந்திர சுவாமியின் திருமஞ்சனப் பாலைக் கையேந்திப் பெறும் ஜனங்கள், கெட்டுப்போன பாலையும் பனீரையும் கோவாவையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கைப்பற்றி, பினாயில் ஊற்றிக் குழியில் புதைத்த செய்தியைப் படிக்கும்போது, மனம் துணுக்குற்று, ‘இது பாபமல்லவா?’ என்று கேட்பது இயல்பே. கன்றுக்குரியதைப் பிரித்துக் கறந்த பால் ஒரு வாய்க்கும் உதவாமல் மண்ணுக்குப் போகிறதே என்ற அந்தத் துக்கத்தை மூடபக்தி என்று ஒதுக்க நான் ஒருப்படேன்.

ஆயினும், அன்னத்தை நிந்திக்கலாகாது என்பதை விரதமாக விதித்த தைத்திரீய உபநிஷதமே, உண்ணப்படுவதாகிய அன்னம் உயிர்களை உண்பதுமாகும் என்று உரைத்திருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். புளித்தவற்றை விலக்கிய மனு தர்ம சாஸ்திரம் தயிருக்கும் தயிரிலிருந்து உண்டாகும் பண்டங்களுக்கும் இடமளித்தது. உறைமோரிட்டுப் பால் தயிராவது வேறு, கவனிப்பாரின்றிக் கெடுவது வேறு.

மறுபடியும் காய்ச்சினால் அக்னி சுத்தி செய்துவிடாதா என்பார்கள். சில கிருமிகள் பாலில் பெருகும்போது விஷத்தை உண்டாக்குகின்றன. கொதிக்கவைத்தால் கிருமி மடியும், விஷம் மடியாது. 2000ஆம் ஆண்டு ஜப்பானின் ஹொக்கைடோவில், ஸ்நோ பிராண்ட் நிறுவனத்தின் ஆலையில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதனால் வெதுவெதுப்பில் கிடந்த பால், பின்னர் சூடேற்றிப் பொடியாக்கப்பட்டும், ஒஸாகா வட்டாரத்தில் 13,000க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளியது. பசித்தவனுக்காவது கொடுத்திருக்கலாமே என்னும் கருணை, இத்தகைய பாலின் விஷயத்தில், தானத்தின் வடிவில் வந்த ஹிம்சையாகிவிடும்.

ஆகவே பாபம், குழி வெட்டுவதற்கு வெகு முன்பே, குளிர்பதனம் நின்றதை அறிந்தும் பண்டத்தை விற்பனைக்கு வைத்தவனிடமும், நாள் கடந்ததற்குப் புது நாள் குறித்தவனிடமும் நிகழ்ந்து முடிந்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, கைப்பற்றிய பண்டம் மனிதர் உண்ணத் தகாதபடி கெட்டிருக்குமானால், உரியவருக்கு எழுத்து மூலம் அறிவித்த பிறகு அதை அழிக்க அதிகாரிக்கு அனுமதி தருகிறது. அந்த அறிவிப்பில் சரக்கின் எடையோடு, பால் எந்த இடத்தில், எவருடைய அசிரத்தையால் கெட்டது என்பதும் எழுதப்படவேண்டும் என்பேன். விடியுமுன் எழுந்து கறந்து, பால் சங்கத்துக்குக் கேன் சுமக்கும் பேத்தமங்களாப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை உண்டு.